சிறிய விமானத்தில் ஹீட்டர் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களில் ஹீட்டர் என்று தனியாக ஒரு கருவி கிடையாது. எஞ்சின் புகை வெளியேறும் வழியில், சத்தத்தைக் குறைக்கும் கலனான மஃப்ளர் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய தகரக் கூட்டைப் போர்த்தியிருப்பார்கள்; ஷ்ரவுட் என்போம். முன்பக்கத் திறப்பு வழியாக வரும் வெளிக்காற்று அந்தக் கூட்டுக்குள் போய், மஃப்ளரின் மேற்பரப்பில் பட்டுச் சூடாகி, இன்னொரு குழாய் வழியாக, எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் சுவரான ஃபயர்வால் வரை வரும். அங்கே ஒரு வால்வுப் பெட்டி. கேபின் ஹீட் குமிழை இழுத்தால் அந்தச் சூடான காற்று உள்ளே வரும். தள்ளினால் எஞ்சினை மூடியிருக்கும் கௌலிங்குக்குள் கொட்டி அப்படியே வெளியே போய்விடும். மொத்த ஏற்பாடும் இவ்வளவுதான்.

ஆக, மஃப்ளருக்குள்ளே 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும் புகை. வெளியே நீங்கள் சுவாசிக்கப்போகிற காற்று. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அதனால் ஹீட்டர் சரியில்லை என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது புகை வெளியேறும் அந்த எக்ஸாஸ்டைத்தான். குழாய், கேபிள், வால்வு எல்லாம் அதற்கு அப்புறம்.

கீழே வருவது கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் குளிர்காலத்தில் பறக்கிறவர்களுக்கும், அந்த விமானங்களைப் பராமரிக்கிறவர்களுக்கும். விமானி பார்க்கக்கூடியது எது, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கை வைக்க வேண்டியது எது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் விமானத்தின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடுதான் சரி.

தலைவலி, மந்தம், குமட்டல், அல்லது சி.ஓ. (எஞ்சின் புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு) அலாரம் அடிக்கிறது

வெப்பம் வருகிறதா இல்லையா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. பறந்துகொண்டிருக்கும்போது இது வந்தால் செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

1. கேபின் ஹீட்டை முழுதாக மூடுங்கள். முன்கண்ணாடிப் பனியை நீக்கும் டிஃப்ராஸ்டும் அதே காற்றுதான், அதையும் மூடுங்கள்.
2. வெளிக்காற்று வரும் எல்லாத் துவாரங்களையும் திறந்துவிடுங்கள். கையேடு அனுமதித்தால் ஜன்னலையும் திறக்கலாம். ஜன்னல் திறந்த பிறகு மீட்டரில் எண் ஏறினால், அந்த விமானத்தில் அது புகையை உள்ளே இழுக்கிறது என்று பொருள், உடனே மூடிவிடுங்கள்.
3. ஆக்சிஜன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.
4. பவரைக் குறைத்து, மிக்ஸ்ச்சரை லீன் செய்யுங்கள், அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறையுங்கள். ரிச்சாக, அதாவது எரிபொருள் அதிகமாக ஓடும் எஞ்சின்தான் அதிகக் கார்பன் மோனாக்சைடைக் கக்கும்.
5. கட்டுப்பாட்டு மையத்திடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஓடுதளத்தில் இறங்குங்கள்.

"இப்போது பரவாயில்லை, ஊருக்கே போய்விடலாம்" என்று தோன்றும். அந்த நினைப்பை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஹீட்டரை மூடிவிட்டதாலேயே நீங்கள் தெளிந்துவிட மாட்டீர்கள். அதோடு, உயரம் ஏற ஏறக் குறையும் ஆக்சிஜனும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை வைத்து முடிவெடுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் உள்ளது என்றே எண்ணிக்கொள்ளும். விமானி மயங்கப்போகும் நேரத்திலும் திரையில் 98 காட்டும்.

2019 ஜனவரி 21 அன்று பிரான்ஸின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்குக் கிளம்பிய பைப்பர் மாலிபு, கேர்ன்ஸி தீவுக்கு வடக்கே கடலில் விழுந்தது. அதில் இருந்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் 58 சதவீதம். விமானியும் அந்த வாயுவால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2020இல் வெளியிட்ட அறிக்கையில் முடிவுக்கு வந்தது. 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மூனி எம்20சி விமானி தன்னந்தனியாகப் பறந்துகொண்டிருந்தபோதே நினைவிழந்தார். எரிபொருள் தீரும்வரை விமானம் தானாகவே பறந்து, ஒரு வயலில் இறங்கியது. அவர் பிழைத்தது அதிசயம். மஃப்ளரில் விரிசல் இருந்தது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1982 முதல் 2020 வரையான விபத்துகளை அலசியபோது, கார்பன் மோனாக்சைடால் நேர்ந்தவை 31 என்று கண்டது. இறந்தவர்கள் 42 பேர். அந்த 31 விமானங்களில் ஒன்றில் மட்டுமே சி.ஓ. டிடெக்டர் இருந்தது. 2022 ஜனவரியில் வாரியம் டிடெக்டரைக் கட்டாயமாக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. கட்டாயம் வரட்டும், வராமல் போகட்டும். நல்ல எலக்ட்ரானிக் டிடெக்டர் ஒன்றை இந்த வாரமே வாங்கி வையுங்கள் என்று எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டாஷ்போர்டில் ஒட்டும், நிறம் மாறும் அட்டை போதாது. அது சத்தம் போடாது; மூளை மந்தமான பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவே உங்களுக்குத் தோன்றாது. பிரித்த தேதி எழுதாமல் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும் அட்டையால் பயனே இல்லை. வீட்டுக்கு வாங்கும் டிடெக்டரும் விமானத்துக்குத் தோதானதல்ல. வட அமெரிக்க வீட்டுத் தரத்தின்படி 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) இருந்தாலும் ஒரு மணி நேரம் வரை அது பேசாமல் இருக்கும். விமான வடிவமைப்பு விதியோ கேபினில் 20,000 பங்குக்கு ஒரு பங்கு, அதாவது 50 பிபிஎம்தான் உச்சவரம்பு என்கிறது.

சரி, இறங்கியாயிற்று. இனி காரணத்தைத் தேடுவோம். மீட்டர் எப்போது ஏறியது என்ற தகவல்தான் துப்பு. விமானியிடம் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஹீட் திறந்தபோது மட்டும் ஏறியிருந்தால் மஃப்ளர் அல்லது ஷ்ரவுடுக்குள் இருக்கும் இணைப்பு. ஹீட் மூடியிருந்தும், முழு பவரில் மேலேறும்போது ஏறியிருந்தால் புகை வேறு வழியில் வருகிறது: ஃபயர்வாலில் கம்பியும் கேபிளும் நுழையும் துளைகளின் ரப்பர் வளையங்கள், கதவு சீல், தரைப்பலகை இடுக்குகள், அடிப்பகுதியில் புகை வெளியேறும் டெயில் பைப் முடியும் இடம். ஓடுபாதைக்கு உருட்டிப் போகும்போது மட்டும், அதுவும் காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது ஏறினால், பெரும்பாலும் உங்கள் புகையே திரும்பி வருகிறது. மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினால் இறங்கிவிடும். அப்படி இறங்காவிட்டால் அதையும் கசிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொறியாளரின் வேலை இனிமேல். ஷ்ரவுடைக் கழற்றாமல் மஃப்ளரைப் பார்த்துவிட்டேன் என்று யாரும் எழுதக் கூடாது. நாலைந்து ஸ்க்ரூ அல்லது கிளாம்ப், அவ்வளவுதான். கழற்றியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு உள்ள இடத்தில் சாம்பல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும், விசிறி விரித்ததுபோல ஒரு தடம் ஓடியிருக்கும். வெல்டிங் ஓரங்களைப் பாருங்கள். சில மஃப்ளர்களில் வெப்பம் நன்றாக ஏற வேண்டும் என்பதற்காக வெளிப்புறம் முழுக்கச் சின்னச் சின்ன ஆணிகளைப் பற்றவைத்திருப்பார்கள். அந்த ஆணிகளின் அடியில்தான் மயிரிழை விரிசல் தொடங்கும். ஆணியைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம் தெரிந்தால் துடைத்துவிடாதீர்கள். முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விரிசலை அடையாளம் வைக்கச் சாதாரணப் பென்சிலை எடுக்கவே கூடாது. பென்சிலின் கார்பன் சூட்டில் எஃகுக்குள் இறங்கி, கோடு போட்ட இடத்திலேயே அடுத்த விரிசலை உண்டாக்கும். துத்தநாகம் பூசிய கருவிகளும் ஆகாது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் வேக்வம் கிளீனரின் ஊதும் பக்கத்தை டெயில் பைப்பில் பொருத்தி, ஓரத்தை அடைத்து, மஃப்ளர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம் கசிவு. இணைப்பு வளையங்களில் கொஞ்சம் குமிழி வருவது சகஜம். அதற்கான அளவு கையேட்டில் இருக்கும். மஃப்ளரின் உடம்பில் ஒரே ஒரு குமிழி வந்தாலும் அது மாற்ற வேண்டிய மஃப்ளர். ஹேங்கரிலேயே ஒரு வெல்டு போட்டு ஓட்டுவது வேண்டாம். அங்கீகாரம் பெற்ற எக்ஸாஸ்ட் பட்டறைக்கு அனுப்புங்கள். 1,000 மணி நேரத்தைத் தாண்டிய மஃப்ளரை மாற்றிவிடும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே தகவல் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. அந்தச் செலவில் பேரம் பேசாதீர்கள்.

குமிழை இழுத்தும் சூடே வரவில்லை

முதலில் விமானி பார்க்க வேண்டியது: எஞ்சின் சூடாகிவிட்டதா? மைனஸ் 20இல் ஐடிலில் நிற்கும் எஞ்சினிடம் வெப்பத்தை எதிர்பார்க்க முடியாது. உருட்டிப் போகும் வேகத்தில் ஷ்ரவுடுக்குள் காற்றும் அவ்வளவாக நுழையாது. கிளம்புவதற்கு முன் பவரைக் கூட்டி எஞ்சினைச் சோதிக்கும் ரன்-அப்பிலும் வரவில்லை என்றால்தான் கோளாறு.

குமிழ் கையில் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். வழக்கத்தைவிட லேசாக, எதிர்ப்பே இல்லாமல் வந்தால் கேபிள் வால்வின் கைப்பிடியிலிருந்து கழன்றிருக்கிறது. பாதியில் முரண்டு பிடித்தால் உறைக்குள் துரு அல்லது பனி. கௌலிங்கைத் திறந்து, ஒருவர் உள்ளே குமிழை இழுக்க, இன்னொருவர் ஃபயர்வால் பக்கம் நின்று வால்வைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். உள்ளே இரண்டு அங்குலம் நகரும் குமிழ் வெளியே வால்வை அரை அங்குலம்தான் நகர்த்துகிறது என்றால், கேபிள் உறையைப் பிடிக்கும் கிளாம்ப் நழுவியிருக்கிறது.

கேபிள் சரி என்றால் குழாய்கள். காவி நிறத்தில், உள்ளே கம்பிச் சுருள் வைத்து, சிலிகோன் பூசிய கண்ணாடியிழையில் செய்த குழாய்தான் இங்கே இருக்க வேண்டும். ஸ்காட் குழாய் என்று சொல்வோம். அதன் கடையில் கிளாம்ப் கழன்று, சூடான காற்று முழுவதும் கௌலிங்குக்குள் கொட்டிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பிச் சுருள் நசுங்கி, வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே அடைத்துப்போயிருக்கும். கையால் அழுத்திப் பாருங்கள். விரல் விட்டுத் தடவியும் பாருங்கள். யாராவது மலிவு என்று கறுப்பு நியோப்ரீன் குழாயைப் போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அது 150 டிகிரிக்குள் தாங்கும் சரக்கு. மஃப்ளர் பக்கத்தில் அது கருகும், அந்தப் புகை நேராகக் கேபினுக்கு வரும்.

கடைசியாக, காற்று நுழையும் வாய். குளிர்காலத்துக்கென்று கௌலிங் முகப்பில் தகடு மாட்டுவார்கள். செஸ்னா 172க்கு வெளி வெப்பநிலை தொடர்ந்து மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மாட்டும் தொகுப்பு உண்டு. வேறு மாடலின் தகட்டையோ, ஹேங்கரில் வெட்டிய தகட்டையோ மாட்டினால் ஹீட்டர் வாயையும் அது மறைத்துவிடலாம். கோடையில் நின்றுகிடந்த விமானம் என்றால் பறவைக் கூட்டையும் தேடுங்கள்.

போன வருடம் நன்றாக இருந்தது, இப்போது வெப்பம் குறைந்துவிட்டது

மெதுவாகக் குறைந்த வெப்பத்தை யாரும் புகாராக எழுதுவதில்லை. ஜாக்கெட்டைத் தடிமனாக்கிக்கொண்டு ஓட்டிவிடுகிறார்கள். ஆனால் மஃப்ளருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள் எரிந்து உடைந்து போனாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். உடைந்த துண்டு வெளியேறும் வாயில் போய்ச் சிக்கினால் எஞ்சின் மூச்சுத் திணறும். அதனால் வெப்பம் குறைந்தது என்ற புகாரோடு இன்னொன்றையும் கேளுங்கள்: நின்ற இடத்தில் முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) முன்புபோல வருகிறதா? அதுவும் குறைந்திருந்தால் விமானத்தை வெளியே விடாதீர்கள். டெயில் பைப் வழியாக, உள்ளே பார்க்க உதவும் மெல்லிய கேமராக் குழாயான போரஸ்கோப்பை விட்டுப் பாருங்கள். தடுப்புகள் இருந்த இடத்தில் கிழிந்த ஓரங்கள் மட்டும் இருந்தால் காரணம் அதுதான்.

உள்ளே எல்லாம் சரி என்றால் ஷ்ரவுடின் இரு ஓரங்களையும் பாருங்கள். அதிர்வில் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால் சூடு பாதி வழியிலேயே போய்விடும்.

மேலேறும்போது சூடு, இறங்கும்போது குளிர்

கோளாறு இல்லை. பவரைக் குறைத்தால் புகையின் சூடு குறையும், கூடவே இறங்கும் வேகத்தில் குளிர்காற்று அதிகமாக நுழையும். கொஞ்சம் பவர் வைத்து, முன்கூட்டியே மெதுவாக இறங்கத் தொடங்குங்கள். எஞ்சினுக்கும் அது நல்லது.

முன்னால் கால் வேகிறது, பின் இருக்கையில் விறைக்கிறது

ஹீட்டரைத் திட்டுவதற்கு முன்னால் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 2 டிகிரி குறையும். தரையில் மைனஸ் 10 என்றால் 6,000 அடியில் மைனஸ் 20ஐத் தாண்டிய காற்று ஒவ்வோர் இடுக்கையும் தேடிக்கொண்டிருக்கிறது. பறக்கும்போது கேபினுக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது வழக்கம். அதனால் வால்பகுதியிலிருந்து காற்று முன்னோக்கி ஓடி வரும். சாமான் அறைக் கதவின் சீல், பின் தடுப்புத் துணி, கேபிள்கள் நுழையும் துளைகள் ஆகியவைதான் பின் இருக்கைக்காரரை உறையவைப்பவை.

பழைய 172களில் விண்ட்ஷீல்டின் மேல் மூலைகளில் இழுத்துத் திறக்கும் குழாய்க் காற்றுவழிகள் இருக்கும். மூடியபின்னும் அவை தாராளமாகக் கசியும். கையை அருகில் வைத்துப் பாருங்கள், நெற்றியில் குளிர் ஊசி குத்துவதன் காரணம் புரியும். உள்ளே இருக்கும் சீல் வளையத்தை மாற்றினால் போதும். பஞ்சை அடைத்துவைப்பது சரியான தீர்வல்ல, ஏனென்றால் சி.ஓ. அலாரம் அடித்தால் நீங்கள் முதலில் திறக்க வேண்டிய வழிகளில் அதுவும் ஒன்று.

கதவு சீலைப் பார்க்க எளிய வழி: ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவி வரும் இடத்தில் சீல் செத்துவிட்டது. சுற்றிலும் பத்து இடத்தில் இப்படிச் செய்தால் கதவின் வரைபடமே கிடைத்துவிடும்.

காற்றைப் பங்கிடுவதில் ஒரு நுணுக்கம். 172இல் ஹீட்டைத் திறந்துவிட்டு கேபின் ஏர் குமிழையும் துளி இழுத்தால், வெப்பம் சற்றுக் குறைந்தாலும் காற்றின் தள்ளு கூடும். பின்னால் போகும் குழாய்களிலும் ஓட்டம் வரும். காலும் வேகாது.

குமிழைத் தள்ளியும் சூடு நிற்கவில்லை

கோடையில் வரும் புகார். வசதிக் குறைவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் கவலை தருவது, ஏனென்றால் அந்த வால்வுதான் ஃபயர்வாலில் இருக்கும் அந்தத் துளையின் கதவு. எஞ்சினில் தீப்பிடித்தால் 172இன் அவசரப் பட்டியலில் எரிபொருளை நிறுத்திய பிறகு வரும் வேலைகளில் ஒன்று கேபின் ஹீட்டையும் கேபின் ஏரையும் மூடுவது. மூட முடியாத வால்வு என்றால் புகையும் தீயும் உங்கள் கால்மாட்டுக்கு வர வழி திறந்தே இருக்கிறது.

வால்வின் தகடு வளைந்திருக்கும், அல்லது கேபிள் நீளம் தவறாக வைக்கப்பட்டிருக்கும். சரியாகப் பொருத்திய கேபிளில், குமிழ் பேனலைத் தொடுவதற்கு இம்மி முன்னாலேயே வால்வு முழுதாக மூடியிருக்க வேண்டும். குமிழ் முதலில் பேனலில் முட்டினால் வால்வு இன்னும் திறந்துதான் இருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் அடுத்த பறப்புக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாசனை வருகிறது

எண்ணெய் கருகும் வாசனை: ராக்கர் கவர் கேஸ்கெட்டிலிருந்து சொட்டும் எண்ணெய் எக்ஸாஸ்ட் மேல் விழுகிறது. ரப்பர் கருகினால் ஏதோ குழாய் அல்லது கம்பி உறை மஃப்ளரில் உரசுகிறது. குளிர்காலத்தில் முதல்முறை ஹீட்டைத் திறக்கும்போது வரும் தூசி வாசனை சில நிமிடங்களில் போய்விடும். போகாவிட்டால் மேலே சொன்ன முதல் பிரிவுக்குத் திரும்புங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆனால் அதோடு சேர்ந்து வரும் புகைக்கு உண்டு. புகை வாசனை வந்தால் அந்த வாயுவும் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாசனை இல்லை என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள்.

விண்ட்ஷீல்டு உள்பக்கம் பனி மூடுகிறது

நாலு பேரின் மூச்சும், பூட்ஸில் ஒட்டிவந்த பனியும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஏறுவதற்கு முன் காலைத் தட்டிவிட்டு ஏறுங்கள். வெளிக்காற்று வழியைக் கொஞ்சம் திறந்து ஈரத்தை வெளியேற்றுங்கள். சூடு மட்டும் போதாது. டிஃப்ராஸ்ட் வாயில் காற்றே வரவில்லை என்றால் பேனலுக்குப் பின்னால் அந்தக் குழாய் கழன்றிருக்கும். ரேடியோ மாற்றிய பிறகு இப்படி நடப்பது அடிக்கடி.

இரட்டை எஞ்சின் விமானம்: ஹீட்டர் பற்றவே இல்லை, அல்லது பற்றி அணைகிறது

பைப்பர் செனகா, செஸ்னா 310, பீச்கிராஃப்ட் பேரன் போன்றவற்றில் கதை வேறு. எஞ்சின்கள் இறக்கையில் தள்ளி இருப்பதால், பெட்ரோலை எரித்து வெப்பம் தரும் தனி ஹீட்டரே உள்ளே இருக்கிறது. ஜானிட்ரால், சவுத்விண்ட் என்ற பெயர்கள் பிரபலம். விமானத்தின் டாங்கியிலிருந்தே அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) வருகிறது. ஸ்பார்க் பிளக் விடாமல் பொறி விடும். எரியும் அறைக்கு ஒரு காற்று, கேபினுக்குப் போகும் காற்று வேறு. இரண்டும் கலக்கக் கூடாது. எரிகாற்றின் அழுத்தம் போதாவிட்டால் ஒரு சுவிட்ச் எரிபொருளைத் தடுக்கும். குழாயில் சூடு நீங்கள் வைத்த அளவை எட்டினால் இன்னொரு சுவிட்ச் அதை நிறுத்தித் திறக்கும். சூடு எல்லை மீறினால் மூன்றாவது சுவிட்ச் மொத்தத்தையும் பூட்டிவிடும்.

எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்பதே பாதி விடை. தரையில் விசிறி காற்றைத் தள்ளும். சக்கரங்கள் உள்ளே போனதும் பல மாடல்களில் அந்த விசிறி நின்று, எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்யும். ஆகவே வானில் நன்றாக எரிந்து தரையில் அணைந்தால் விசிறி மோட்டாரையும் அதன் சர்க்யூட்டையும் பாருங்கள். தரையில் எரிந்து வானில் அணைந்தால் காற்று வாய், அழுத்தச் சுவிட்ச், அதன் சின்னக் குழாயில் அடைத்த பனி.

எங்குமே பற்றவில்லை என்றால் காதைக் கொடுங்கள். ஸ்விட்சைப் போட்டதும் எரிபொருள் சோலனாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) 'டக்' என்று திறக்க வேண்டும். பொறி விடும் சீரான கிறுகிறுப்பும் கேட்க வேண்டும். டக் இருந்து கிறுகிறுப்பு இல்லை என்றால் பிளக் அல்லது இக்னிஷன் யூனிட். கிறுகிறுப்பு இருந்து டக் இல்லை என்றால் அழுத்தச் சுவிட்ச் அல்லது சோலனாய்டு. இரண்டும் இருந்தும் பற்றவில்லை என்றால் எரிபொருள் வடிகட்டி. வருடம் முழுக்க ஓடாமல் கிடந்து நவம்பரில் ஸ்விட்ச் போடும் ஹீட்டரில் பெரும்பாலும் இதுதான். கோடையிலும் மாதம் ஒருமுறை சில நிமிடங்கள் ஓடவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

சூடு எல்லைச் சுவிட்ச் பூட்டிவிட்டால் அதை மீட்கும் பொத்தான் ஹீட்டரின் மேலேயே இருக்கும், பறக்கும்போது எட்டாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். தரையிலும் பொத்தானை அமுக்கிவிட்டு மறுபடி கிளம்புவது பழுதுபார்ப்பு ஆகாது. ஏன் சூடு மீறியது என்று கண்டுபிடிக்க வேண்டும்: காற்றோட்டம் குறைந்ததா, குழாய்ச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டதா, சோலனாய்டு மூடாமல் கசிகிறதா. 1985 டிசம்பர் 31 அன்று டெக்சாஸில் பாடகர் ரிக்கி நெல்சனும் இன்னும் ஆறு பேரும் இறந்த டி.சி-3 விபத்தில், முரண்டுபிடித்த கேபின் ஹீட்டரைத் திரும்பத் திரும்பப் பற்றவைக்க முயன்றார்கள் என்று உயிர் தப்பிய துணை விமானி சொன்னார். தீ எதனால் என்பதை விசாரணை உறுதிசெய்யவில்லை. ஆனால் பற்ற மறுக்கும் பெட்ரோல் ஹீட்டரை வானில் மீண்டும் மீண்டும் முடுக்கக் கூடாது என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த விமானம்தான் நினைவுக்கு வரும். ஒருமுறை பாருங்கள், அணைத்துவிடுங்கள், போர்வையை எடுங்கள்.

எரியும் அறையின் சுவரில் ஓட்டை விழுந்தால் இங்கும் அதே கார்பன் மோனாக்சைடுதான். அதைக் கண்டுபிடிக்க அறையை அடைத்து, காற்றை ஏற்றி, அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. சவுத்விண்ட் வகையின் வாரிசான மெகிட் ஹீட்டர்களுக்கு 2017இல் வந்த விமானத் தகுதி ஆணை இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறது. ஹீட்டரின் ஓட்ட நேரம் எங்கே பதிவாகிறது என்று பாருங்கள். விமான நேரம் வேறு, ஹீட்டர் நேரம் வேறு.

அணைக்கும்போதும் ஒரு ஒழுங்கு உண்டு. தரையிறங்கியதும் ஸ்விட்சை ஹீட்டரிலிருந்து விசிறிக்கு மாற்றி, குறைந்தது 2 நிமிடம் ஓடவிட்டு, அப்புறம்தான் அணைக்க வேண்டும். நேராக அணைத்தால் உள்ளே தங்கும் சூடு எல்லைச் சுவிட்சைத் தட்டிவிடும். மறுநாள் காலை "ஹீட்டர் பற்றவில்லை" என்று ஒரு புகார் வரும்.

டீசல் அல்லது தண்ணீர் குளிரூட்டும் எஞ்சின்

டைமண்ட் டிஏ42 போன்றவற்றில் காரைப் போலக் கூலண்ட்தான் வெப்பம் தருகிறது. இங்கே எக்ஸாஸ்ட் பயம் குறைவு. வெப்பம் வரவில்லை என்றால் கூலண்ட் அளவு, காற்று அடைப்பு, தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் பாருங்கள். இனிப்பான வாசனையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் வந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது. அப்போது எஞ்சினின் குளிரூட்டும் திரவமே குறைந்துகொண்டிருக்கிறது, கூலண்ட் வெப்பநிலை மீட்டரைப் பார்த்தபடி இறங்கிவிடுங்கள்.